எண்ணெய்ப் பேணி

காலை பத்து மணி இருபது. காரின் மணிக்கூட்டில் அந்த நேரத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. பத்தரைக்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நானே தவணை வைத்திருந்தேன். சார்செலில் வீட்டை விட்டு இறங்கியபோது, நெடுஞ்சாலையில் ஏறியதும் சொல்வோம் என்று நினைத்தேன். ஏறியதும், விளையாட்டரங்கைத் தாண்டட்டும் என்று தள்ளிப் போட்டேன். தாண்டிய பிறகு, பாரிசின் தமிழ்க் கடைப் பகுதியான லாச்சப்பலில் மெட்ரோப் பாலத்தின் கீழ் எப்படியும் சிவப்பு விளக்கு விழும், அங்கே சொல்வோம் என்று முடிவு செய்தேன். சிவப்பு விளக்கு விழுந்தது. வாயைத் திறந்தேன். அப்போதுதான் பொனட்டின் விளிம்பில் இருந்து புகை எழுந்தது.

சொல்ல வேண்டியிருந்தது ஒரேயொரு வசனம். என் மகள் பொறியியல் படிக்கவில்லை, ஒரு கராஜில் கார் திருத்தப் பழகுகிறாள். அவ்வளவுதான்.

பக்கத்து இருக்கையில் இருந்தவர் அண்ணை, என் பெரியம்மாவின் மகன். பின்னால் அவருடைய மனைவி, எனக்கு மச்சாள். மகனின் கலியாணத்துக்குச் சேலை எடுக்கக் கனடாவில் இருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். நான் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்த காலத்தில், இடம்பெயர்ந்து போன இடத்திலும் எனக்குப் பாடம் சொல்லித் தந்தவர் அண்ணை. நான் பொறியியலாளராக வருவேன் என்று என்னைவிட அவர்தான் நம்பியிருந்தார். நான் பாரிசுக்கு வந்து, பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் தட்டுக் கழுவத் தொடங்கி, இப்போது அதே பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் இருக்கிறேன். தொலைபேசியில் அவர் எப்போதும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "பிள்ளை என்ன படிக்கிறாள்?"

மூன்று வருடத்துக்கு முன் அதற்கு நான் சொன்ன பதில்: "மெக்கானிக்கல் எஞ்சினியரிங், அண்ணை."

அப்போது அது பெரிய பொய்யாகத் தெரியவில்லை. அவள் படிப்பதும் எஞ்சினைப் பற்றித்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அவள் மாதத்தில் இரண்டு கிழமை பள்ளிக்கூடத்திலும் இரண்டு கிழமை பொபினியில் ஒரு சின்னக் கராஜிலுமாக வேலை பழகினாள். குளிர் காலத்தில் அவளுடைய விரல் கணுக்கள் வெடித்திருக்கும். நான் களிம்பு பூசிவிடுவேன். பூசிக்கொண்டே, "உனக்கு ஏன் பிள்ளை இந்த வேலை?" என்று கேட்பேன். அவள் பிரெஞ்சில், "பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்" என்பாள். நான் தமிழில் கேட்பதும் அவள் பிரெஞ்சில் சொல்வதும் எங்கள் வீட்டில் வழக்கம்.

அண்ணை வருகிறார் என்று தெரிந்த அன்று அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். அவள் என்னிடம் எதையும் கேட்கிற பிள்ளையில்லை. "மாமா வரும்போது உண்மையைச் சொல்லிவிடுங்கள். சாப்பாட்டு மேசையில் இருந்து எஞ்சினியர் வேஷம் போட என்னால் ஏலாது." நான் ஓம் என்றேன். அவர்கள் வந்து மூன்று நாள் ஆகியும் சொல்லவில்லை. அவள் வேண்டுமென்றே பிந்தி வந்து, விடியற்காலையில் போனாள். அண்ணை அவளை நான்கு வயதில் கண்டதுதான்; எங்கள் வீட்டுச் சுவரில் இருந்ததும் அவளுடைய சின்ன வயதுப் படங்கள்தான். அந்த மூன்று நாளும் கட்டிலில் போர்வைக்குள் இருந்த ஒரு தலையைத்தான் கண்டார். "படிக்கிற பிள்ளையள் அப்பிடித்தான், குழப்பாதை" என்றார். அன்று சனிக்கிழமை, மத்தியானம் அவள் வேலை முடிந்து சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. அதற்கு முன்னால் நான் சொல்லியாக வேண்டும்.

புகைக்குக் காரணமான பேணியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

எங்கள் கார் பழையது. எஞ்சினுக்குள் இருந்து வெளியேறுகிற ஆவியில் கொஞ்சம் எண்ணெயும் கலந்து வரும் என்றும், அது திரும்பவும் எஞ்சினுக்குள்ளேயே போய்க் கரியாகப் படியும் என்றும் மகள் சொன்னாள். அந்த ஆவி போகிற குழாயை இடையில் வெட்டி ஒரு சின்ன உலோகப் பேணியைப் பூட்டினால், எண்ணெய் அதற்குள் தங்கிவிடும். பிரெஞ்சில் அதற்கு நீளமான பெயர் இருக்கிறது. நான் பேணி என்றுதான் சொல்வேன். பால்மாத் தகர ரின் அளவில், வெள்ளி நிறத்தில், அடியில் ஒரு சின்னத் திருகாணி. புரட்டாதி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கார்த் தரிப்பிடத்தில் குனிந்து நின்று, முன்பக்க வலைக்குப் பின்னால் காற்றுப் படுகிற இடத்தில் அதைப் பூட்டினாள். பூட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். சின்ன வயதில் கீறிய படங்களைக் கொண்டுவந்து காட்டுகிற அதே முகம்.

"குளிர் தொடங்கினால் இதற்குள் எண்ணெயைவிடத் தண்ணீர்தான் கூட வரும்" என்றாள். "நீங்கள் காலையில் அப்பாவை ஸ்ரேசனில் இறக்கிவிட்டு வருகிற ஐந்து நிமிடத்தில் எஞ்சின் சூடாகாது. உள்ளே ஈரம் நிற்கும். அது இங்கே வந்து சேரும். கிழமைக்கு ஒருமுறை திறந்து ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டால் உறையும். கார் ஓட்டுவது நீங்கள், ஊற்றுவதும் நீங்கள்." கையுறை ஒன்றும், ஜாம் போத்தல் ஒன்றும் தந்தாள். ஊற்றுவதைப் போத்தலில் சேர்த்துவைத்தால், திங்கட்கிழமை கராஜுக்குக் கொண்டுபோய்க் கழிவு எண்ணெய்ப் பீப்பாயில் விடுவாள். தெருவில் ஊற்றக் கூடாது.

கார்த்திகையில் குளிர் தொடங்கியதும் முதல் மூன்று சனிக்கிழமை செய்தேன். பால்தேத்தண்ணியைப் போல ஒன்று வழிந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மூன்றாவது கிழமை, எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருக்கிற அக்கா சாமான் பைகளோடு அந்தப் பக்கம் வந்தார்.

"என்ன, பொனட்டுக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு நிக்கிறீங்கள்? மகளும் உப்பிடித்தான் ஒருநாள் காருக்குக் கீழை படுத்துக் கிடந்தவ. எஞ்சினியருக்குப் படிக்கிறா எண்டீங்கள்?"

"அது படிப்புக்காக, அக்கா. புரொஜெக்ற்."

"ஓ, புரொஜெக்ற்" என்றார். அந்தச் சொல்லை அவர் இழுத்த இழுப்பு எனக்குப் போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் பொனட்டைத் திறக்கவில்லை.

ஆனால் மகள் சனிக்கிழமைதோறும் கேட்பாள். நான் ஓம் என்பேன். போத்தலைப் பார்ப்பாளே? இதை எழுதுவதற்கு எனக்குக் கை கூசுகிறது. மிஞ்சிய பால்தேத்தண்ணியில் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விட்டு, மூடிக் குலுக்கி, குசினித் தொட்டிக்குக் கீழே வைத்தேன். அவள் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இந்தக் குளிருக்கு இதைவிடக் கூட வர வேண்டும். பரவாயில்லை, நான் நினைத்ததைவிடக் குழாய் நன்றாகவே வேலை செய்கிறது போல" என்று சந்தோஷப்பட்டாள். திங்கட்கிழமை அதைப் பையில் வைத்துக் கொண்டு போனாள். மார்கழி முழுக்க என் தேத்தண்ணி அந்தக் கராஜின் பீப்பாய்க்குள் போயிருக்கிறது.

தை மாதம் ஒரு கிழமை முழுதும் பகலிலும் வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே வரவில்லை. வெள்ளிக்கிழமை இரவு கைபேசியில் காலநிலை பார்த்தேன். மைனஸ் ஆறு. மகளுக்கு, "கையுறை போடு, கழுத்தை மூடு" என்று செய்தி அனுப்பினேன். பேணியை நினைக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். நினைத்தேன். அண்ணை வீட்டில் இருக்கும்போது கீழே இறங்கிப் போய்ப் பொனட்டைத் திறப்பதெப்படி என்று அதையும் சேர்த்து நினைத்தேன்.

பாலத்தின் கீழ் விளக்கு பச்சையானது. பின்னால் நின்ற கார்கள் ஹோர்ன் அடித்தன. எப்படியோ உருட்டிக்கொண்டு போய், ரூ பெர்தொனே தெருவுக்குத் திரும்புகிற முனையில் மரக்கறிப் பெட்டிகள் இறக்குகிற இடத்தில் நிறுத்தினேன். எரிந்த எண்ணெயின் நெடி காருக்குள் நிறைந்திருந்தது.

"நிப்பாட்டு, நிப்பாட்டு. திறப்பை எடு" என்று சொல்லிக்கொண்டே அண்ணை இறங்கினார். "கனடாவில மைனஸ் இருவத்தஞ்சிலை ஓடுறம். இது ஒரு குளிரெண்டு நிண்டுபோச்சே உன்ரை கார்!"

பொனட்டைத் திறந்தார். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி தன் துளையில் இருந்து நாலு விரல் உயரத்துக்கு மேலே எழும்பி நின்றது. அதன் வழியாக எண்ணெய் பீறி எஞ்சின் முழுவதும் தெறித்திருந்தது. மரக்கறிக் கடைத் தம்பி வெண்டைக்காய்ப் பெட்டியோடு வந்து எட்டிப் பார்த்தார். "அக்கா, பெட்டி இறக்கோணும். எவ்வளவு நேரம் நிப்பீங்கள்?" என்றார். பிறகு உள்ளே பார்த்துவிட்டு, "ஐயோ, தாளிச்சு வைச்சிருக்குது" என்றார்.

அண்ணையின் பார்வை பேணியில் போய் நின்றது. அதன் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதென்ன இது? இது கொம்பனி போட்ட சாமானில்லை. ஆர் பூட்டினது?"

அதுதான் அந்த நேரம். அதைவிட லேசாக ஒரு நேரம் எனக்கு வாய்த்திருக்காது. "மகள்தான் பூட்டினவள், அண்ணை" என்று சொல்லியிருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்திருக்கும்.

"ஒரு கராஜிலை... பூட்டிவிட்டவங்கள்" என்றேன்.

"எந்த விசரன்? பொம்பிளை தனிய வந்தவுடனை கண்ட பேணியையும் பூட்டி ஏமாத்தியிருக்கிறான். கள்ளன்!"

"ஓம் அண்ணை" என்றேன். "கள்ளன்தான்."

சொல்லிவிட்டு மச்சாளைப் பார்த்தேன். அவர் காருக்குள் இருந்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காப்புறுதிக்காரருக்கு அழைத்தேன். குளிரால் எல்லா இடத்திலும் வாகனங்கள் நிற்கின்றன, நான்கு மணி நேரம் ஆகும் என்றார்கள். அண்ணையைச் சேலைக் கடைக்குள் போகச் சொன்னேன். போகவில்லை. "உன்னை நடுத்தெருவிலை விட்டிட்டுப் போறதோ?" என்றார். நான் தள்ளிப் போய், ஒரு தொலைபேசிக் கடையின் ஓரமாக நின்று மகளை அழைத்தேன்.

"கார் நிண்டிட்டுது, பிள்ளை. எண்ணெய்க் கம்பி மேலை வந்திட்டுது."

அவள் பிரெஞ்சில் வேகமாகக் கேட்டாள். எங்கே? நிறுத்தியாயிற்றா? காருக்குள் சிவப்பு விளக்கு ஏதும் எரிந்ததா? இல்லை, நல்லது, திரும்ப இயக்கக் கூடாது. பிறகு, "பேணியைப் போன கிழமை ஊற்றினீர்கள்தானே?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

"அப்படியென்றால் நான் பூட்டியதில்தான் பிழை." அவளுடைய குரல் இறங்கியது. "குழாயின் சரிவைக் குறைத்து வைத்துவிட்டேன் போல."

அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். அதன் மேல் இன்னொன்றையும் ஏற்றினேன்.

"மாமா பேணியைக் கண்டிட்டார். நான்... ஒரு கராஜிலை பூட்டினதெண்டு சொல்லிப்போட்டன்."

பின்னணியில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தமிழில் கேட்டாள். "நீங்கள் இன்னும் சொல்லேல்லையா?"

"வீட்டிலை வைச்சு ஆறுதலாச் சொல்லுறன். இஞ்சை றோட்டிலை, சனத்துக்கு முன்னாலை... கராஜிலை இருந்து வேறை ஆரையும் அனுப்பேலாதோ?"

அவள் அந்த இயந்திரத்தை நிறுத்தினாள். பிறகு, "சரி. கராஜிலை இருந்து ஆள் வரும்" என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டாள்.

இது நடந்து மூன்று கிழமை ஆகிறது. அண்ணைக்கு இப்போது எல்லாம் தெரியும். அவர் கோபிக்கவில்லை. கனடாவுக்குத் திரும்புகிற அன்று விமான நிலையத்தில், "எனக்குச் சொல்ல உனக்கு என்ன பயம், தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். நான் அவருடைய பெட்டியின் கைப்பிடியைச் சரிபார்த்துக்கொண்டு நின்றேன். கார் ஓடுகிறது. பேணியைச் சனிக்கிழமைதோறும் திறக்கிறேன், அந்த அக்கா பார்த்தாலும் திறக்கிறேன். போத்தலைக் குசினியில் வைக்கிறேன். மகள் இப்போது அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதில்லை. மூடியைத் திறந்து மணந்து பார்க்கிறாள்.

அன்று முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கால் விரல்கள் விறைத்தன. கடந்து போன ஒவ்வொரு வெள்ளை வான் வண்டியையும் எட்டிப் பார்த்தேன். அவளுடைய கராஜ் முதலாளியான அல்ஜீரியக்காரர் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு பிள்ளையைப் பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா அது? அண்ணை மரக்கறிக் கடைத் தம்பியிடம் தேத்தண்ணி வாங்கி வந்து தந்தார். அது என் கையிலேயே ஆறிப்போனது.

வான் வந்தது. அவள் இறங்கினாள். நீல ஓவரோல், காதை மூடிய கம்பளித் தொப்பி, கழுத்தில் நான் பின்னிக் கொடுத்த சாம்பல் நிறச் சால்வை. நேராக என்னிடம் வந்தாள்.

"போன்ஜூர், மதாம்" என்றாள், முன்பின் தெரியாத வாடிக்கையாளருக்குச் சொல்வதைப் போல.

நான் கேட்டதைத்தான் அவள் எனக்குத் தந்தாள். கராஜில் இருந்து ஒரு ஆள்.

"போன்ஜூர்" என்றேன் நானும்.

அவள் பொனட்டுக்குள் குனிந்தாள். கம்பியைப் பார்த்தாள், குழாயை இரண்டு பக்கமும் கழற்றி ஊதிப் பார்த்தாள், காற்றுப் போகவில்லை. பேணியின் அடித் திருகாணியைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. பிறகு பேணியின் கீழ்ப் பாதியை முழுவதுமாகக் கழற்றி, கவிழ்த்து, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். பேணியின் வடிவத்திலேயே ஒரு பனிக்கட்டி நடைபாதையில் விழுந்தது. பால்தேத்தண்ணி நிறம்.

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. அது ஒரு கிழமையில் சேர்ந்ததல்ல என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போத்தலில் இருந்தது என்ன என்பதும் அந்த நொடியில் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"இதென்ன பிள்ளை? ஐஸ்பழமே?" என்றார் அண்ணை. "நீ தமிழ்தானே?"

"ஓம் அங்கிள்." மாமா என்று சொல்ல வேண்டிய வாய். அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துத் தமிழில் சொன்னாள். "எஞ்சின் சூடாகிறதுக்கு முதல் நிப்பாட்டினா உள்ளுக்கை தண்ணி நிக்கும். அது இதுக்கை வரும். ஊத்தாட்டி உறைஞ்சு வழியை அடைக்கும். காத்துக்குப் போக இடமில்லை. அதுதான் கம்பியைத் தள்ளிக்கொண்டு வந்தது."

"அப்ப பூட்டினவன் கள்ளன் இல்லையோ?"

"இல்லை அங்கிள். பூட்டினது சரி." துணியால் கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். "கடைசியா எப்ப ஊத்தினீங்கள், மதாம்?"

"ஞாபகமில்லை" என்றேன்.

தலையை ஆட்டினாள். குழாய்க்குள் இருந்த பனியை உடைத்து எடுத்தாள். பேணியை ஒரு பையில் போட்டு வைத்துவிட்டு, குழாயைத் தற்காலிகமாக நேரே இணைத்தாள். கம்பியை அழுத்தி வைத்து, வானில் இருந்து எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவள் வேலை செய்வதை நான் அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்தது அன்றுதான். காரை இயக்கி, தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டாள். வெடித்த விரல் கணுக்களில் ஒன்றில் இரத்தம் கசிந்திருந்தது. என் கைப்பைக்குள் களிம்பு இருந்தது. பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கெட்டிக்காரி!" என்றார் அண்ணை. உண்மையாகவே வியந்து போயிருந்தார். மரக்கறிக் கடைத் தம்பியைக் கூப்பிட்டு, "பார்த்தீரே, பொம்பிளைப் பிள்ளை, பத்து நிமிசத்திலை!" என்றார். பிறகு, எங்கள் ஆட்கள் எந்த நாட்டில் எந்தப் பிள்ளையைக் கண்டாலும் பெற்றவர்கள் யாரென்று கேட்கிற கேள்வியை, சிரித்துக்கொண்டு, அவளிடம் கேட்டார்.

"நீ ஆற்றை பிள்ளை?"

காருக்குள் மச்சாளின் கண்ணாடி முழுதாகக் கீழே இறங்கியது. மகள் பொனட்டை மூடினாள். அது பூட்டும் வரை அழுத்தினாள். நான் பேசுவதற்கு அவள் விட்ட இடம் அது. மேலே மெட்ரோ போய் முடிந்தது. நான் பேசவில்லை.

அவள் கை துடைத்த துணியை மடித்து ஓவரோல் பைக்குள் வைத்துக்கொண்டு அண்ணையிடம் சொன்னாள்:

"அதை இந்த மதாமிட்டைக் கேளுங்கோ."